சிப்ஸ் பாக்கெட்டும் சப்வூஃபர் பெட்டியும்: கொடைரோட்டில் இருந்து ஒரு கணக்கு

கொடைரோடு ஸ்டேஷன்ல இறங்கி கொடைக்கானலுக்கு டாக்ஸி பிடிச்சவங்க எல்லாரும் இதைப் பார்த்திருப்பீங்க. வத்தலக்குண்டில் வாங்கின சிப்ஸ் பாக்கெட், காட்ரோடு தாண்டி மலை ஏற ஏற உப்பிக்கிட்டே போகும். பெருமாள்மலை வரும்போது பலூன் மாதிரி இருக்கும். யாராவது ஒருத்தர் "வெடிச்சிருமா?" என்று கேட்பார்.

அந்தப் பாக்கெட்டுக்கும் கார் டிக்கியில் வைக்கும் சப்வூஃபர் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் இந்தக் கட்டுரை. எங்க ஊர்ல டாக்ஸி ஓட்டும் அண்ணன் ஒருத்தர் தன்னோட டிசையர்ல ரெடிமேட் பெட்டி ஒண்ணு மாட்டியிருந்தார். "தம்பி, நீ இன்ஜினியரிங் தானே படிக்கிற? கீழ நல்லா அடிக்குது, மேல போனா கரகரங்குது. வூஃபர் போயிருச்சோன்னு கழட்டி கீழ கொண்டு வந்தா திரும்ப நல்லா இருக்கு. ஏன்?" என்று கேட்டார். அப்போ எனக்குப் பதில் தெரியலை. ஆம்ப் சூடாகுது என்று ஏதோ சொல்லி சமாளிச்சேன். தப்பான பதில்.

முதல்ல பெட்டி எதுக்கு என்று பார்ப்போம். கோன் முன்னால் போகும்போது முன்பக்கக் காற்று அழுத்தப்படுகிறது, பின்பக்கக் காற்று தளர்கிறது. ரெண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும், பேஸ் வராது. பின்பக்க அலையை அடைச்சு வைக்கிறதுதான் பெட்டியின் முதல் வேலை. இரண்டாவது வேலை அதைவிட முக்கியம்: உள்ளே அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி கோனைப் பிடிச்சிருக்கும். இதை வெச்சே 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்சர் சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ் கொண்டுவந்தார். பெட்டியின் அளவைக் கணக்குப் போட்டுச் சொல்லும் முறையை 1961-இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் எழுதினார்; 1970-களின் தொடக்கத்தில் சிட்னியில் ரிச்சர்ட் ஸ்மால் அதை முழுமையாக்கினார். இன்னைக்கும் வூஃபர் டேட்டா ஷீட்டில் வருகிற 'தீல்-ஸ்மால் பாராமீட்டர்' இவங்க பேர்தான்.

அந்த ஷீட்டில் மூணு எண் போதும். எஃப்எஸ்: வூஃபர் பெட்டி இல்லாமல் தானாக அதிரும் அதிர்வெண். க்யூடிஎஸ்: அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதன் அளவு, சின்ன எண் என்றால் சீக்கிரம் அடங்கும். வாஸ்: கோனின் சஸ்பென்ஷன் அளவுக்கே மென்மையாக இருக்கும் காற்றின் கன அளவு. 12 இன்ச் வூஃபர் ஒன்றுக்கு எஃப்எஸ் 28 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.45, வாஸ் 60 லிட்டர் என்று எடுத்துக்குவோம்.

மூடிய பெட்டிக்குச் சூத்திரம் எளிது. வாஸைப் பெட்டியின் கன அளவால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுங்க. அந்த எண்ணால் எஃப்எஸ், க்யூடிஎஸ் இரண்டையும் பெருக்கினால் பெட்டியில் மாட்டிய பிறகான மதிப்புகள் கிடைக்கும். பெருக்கின க்யூ 0.707 வந்தால் வளைவு சமதளமாக இருக்கும். அதுக்கு நம்ம வூஃபருக்கு சுமார் 41 லிட்டர் பெட்டி வேணும், அதிர்வெண் 44 ஹெர்ட்ஸ். பெட்டியை 28 லிட்டராக்கினால் க்யூ 0.8, அதிர்வெண் சுமார் 50 ஹெர்ட்ஸ். லேசா ஒரு மேடு வரும், காதுக்குப் பெருசா தெரியாது.

வீட்டில் வைக்கிற பெட்டி என்றால் 41-ஐத்தான் எடுப்பேன். கார்ல கதை வேற. அலையின் பாதி நீளம் காரின் உள்நீளத்தைவிடப் பெரிதாகிவிட்டால், கார் ஒரு அறை மாதிரி நடக்காமல் ஒரு பம்ப் மாதிரி நடக்கும். உள்நீளம் 2.5 மீட்டர் என்றால் சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே இது தொடங்கும். அதற்குக் கீழே அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் 12 டெசிபல் வரைக்கும் கூடும் என்பது ஏட்டுக் கணக்கு. மூடிய பெட்டி அதே 12 டெசிபல் வேகத்தில்தான் இறங்கும். ஒண்ணு ஏற, ஒண்ணு இறங்க, ரெண்டும் ஈடாகிவிடும். நிஜத்தில் கதவு, கண்ணாடி, சீட் எல்லாம் கொஞ்சம் திருடிக்கும்; சீட் மடங்காத செடான்ல இன்னும் அதிகமா. ஆனாலும் கார்ல சின்ன மூடிய பெட்டி எடுபடுவது இதனால்தான்.

அப்போ போர்ட் வெச்ச பெட்டி? குழாய்க்குள் இருக்கிற காற்று ஒரு எடை, பெட்டிக்குள் இருக்கிற காற்று ஸ்பிரிங். பாட்டில் வாயில் ஊதினா வர்ற சத்தம் இதே தத்துவம்தான். 50 லிட்டர் பெட்டியை 32 ஹெர்ட்ஸுக்கு டியூன் பண்ண, 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் சுமார் 39 சென்டிமீட்டர் நீளம் வேணும். அந்தக் குழாயே 3 லிட்டர் இடம் சாப்பிடும். வூஃபர், குழாய், தாங்கு கட்டை, 18 மில்லிமீட்டர் பலகை எல்லாம் சேர்த்தால் வெளியளவு 73 லிட்டருக்கு மேல் போகும். நம்ம 28 லிட்டர் மூடிய பெட்டிக்கு உள்ளளவு 36 × 36 × 24 சென்டிமீட்டர் (வூஃபரும் கட்டையும் அடைக்கும் 3 லிட்டர் சேர்த்து). வெளியளவு சுமார் 43 லிட்டர். 2017 மாடல் டிசையர் டிக்கி 378 லிட்டர். அந்த 30 லிட்டர் வித்தியாசம் ஒரு கேபின் சூட்கேஸ். டாக்ஸிக்காரருக்கு அந்த சூட்கேஸ் ஒரு சவாரி. சிஎன்ஜி சிலிண்டர் போட்ட வண்டி என்றால் இந்தப் பேச்சே வேண்டாம்.

ஆக, மூடிய பெட்டி. இங்கதான் சிப்ஸ் பாக்கெட் வருது.

கொடைரோடு சமவெளி கடல்மட்டத்தில் இருந்து சுமார் 300 மீட்டர். கொடைக்கானல் சுமார் 2100. காற்றழுத்தம் கீழே ஏறக்குறைய 98 கிலோபாஸ்கல், மேலே 78.5. பெட்டி முழுக்க முழுக்கக் காற்றுப் புகாமல் இருந்தால், கீழே அடைபட்ட அழுத்தம் அப்படியே மேலே போகும். உள்ளே இருக்கிற காற்றும் குளிர்ந்து சுருங்கும் என்பதால் அதையும் கழிச்சுடுவோம்: 35 டிகிரியில் இருந்து 18 டிகிரிக்கு வந்தால் உள்ளே சுமார் 92. வெளியே 78.5. மிச்சம் சுமார் 14 கிலோபாஸ்கல். 12 இன்ச் கோனின் பரப்பு சுமார் 0.048 சதுர மீட்டர். பெருக்கினால் கிட்டத்தட்ட 670 நியூட்டன். ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து கோனை வெளியே தள்ளுற மாதிரி!

முதல் தடவை இதைப் போட்டுப் பார்த்தப்போ தசமப்புள்ளியைத் தப்பா வெச்சுட்டேனோ என்று இன்னொரு தடவை போட்டேன். சரியாத்தான் இருந்தது. இந்த வூஃபரின் சஸ்பென்ஷனை 10 மில்லிமீட்டர் தள்ள 54 நியூட்டன் போதும். கோன் வெளியே வரும்போது பெட்டியின் கன அளவு கூடி அழுத்தம் கொஞ்சம் குறையும், அதையும் சேர்த்துப் பார்த்தால், காட்ரோட்டில் இருந்து 250, 300 மீட்டர் உயரம் ஏறுவதற்குள்ளேயே கோன் தன் 10 மில்லிமீட்டர் எல்லையில் போய் நிற்கும். அதுக்கு மேலே பாட்டு போட்டால் வாய்ஸ் காயில் காந்த இடுக்கை விட்டு வெளியே வந்து ஆடும். கரகரப்பு அதுதான். கழட்டினால் காற்று வெளியேறிவிடும், நோயும் போயிரும். அண்ணன் சொன்ன எல்லா அறிகுறியும் பொருந்துது.

அப்படின்னா எல்லா மூடிய பெட்டியும் மலையில் கெடணுமே? கெடாது, ஏன்னா பெரும்பாலான பெட்டியில் தெரியாமலே ஒரு கசிவு இருக்கும்: துணி டஸ்ட் கேப், காகிதக் கோன், டெர்மினல் ஓரம், வயர் ஓட்டை. இந்தப் பெட்டியில் பிளாஸ்டிக் கோன், ரப்பர் சரவுண்ட். போதாததுக்கு "ஏர் டைட்டா இருக்கணும்" என்று எல்லா மூலையிலும் சிலிக்கான் அப்பியிருந்தாங்க. வேலை சுத்தம். சமவெளிக்கு மட்டும்.

தீர்வு ஒரு மில்லிமீட்டர் ஓட்டை. நம்பிக்கை வரலைல்ல? 18 மில்லிமீட்டர் பலகையில் 1 மில்லிமீட்டர் ஓட்டை, 28 லிட்டர் காற்று: அழுத்தம் சமனாக எடுக்கும் நேர மாறிலி சுமார் 4 விநாடி. 30 ஹெர்ட்ஸ் பேஸின் ஒரு சுற்று 0.03 விநாடி. அந்த வேகத்துக்கு ஓட்டை இருப்பதே தெரியாது. மலை ஏற இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுக்கு 4 விநாடி எந்த மூலைக்கு? ஆனா ஓட்டையில் காற்று சீறும், அதனால உள்பக்கம் கொஞ்சம் பஞ்சு ஒட்டணும். ஓட்டையைப் பெரிசாக்காதீங்க, அப்புறம் அது மட்டமான போர்ட் ஆயிரும்.

சோதிக்க மீட்டர் வேண்டாம். உள்ளங்கையை விரிச்சு வெச்சு கோனை நேரா, மெதுவா உள்ளே அழுத்திப் பிடிங்க. கையில் படுகிற எதிர்ப்பு உடனே தளர்ந்தால் கசிவு அதிகம். சில விநாடியில் தளர்ந்தால் சரி. ஒரு நிமிஷம் ஆகியும் அப்படியே நின்னா அந்தப் பெட்டியோட மலை ஏறாதீங்க.

இன்னொரு சுவாரசியம். மேலே அழுத்தம் குறைவு என்பதால் பெட்டிக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங்கும் மென்மையாகும். வாஸ் 60-இல் இருந்து சுமார் 48 ஆகும். நம்ம பெட்டியின் க்யூ 0.8-இல் இருந்து 0.74, அதிர்வெண் 50-இல் இருந்து 46. அதாவது கொடைக்கானலில் இதே பெட்டி கொஞ்சம் 'சரியான' பெட்டியாக மாறுது! சத்தம் மட்டும் 1.5, 2 டெசிபல் குறையும், காற்று அடர்த்தி குறைவு என்பதால். போர்ட் பெட்டியின் டியூனிங் ஒலியின் வேகத்தைப் பொறுத்தது, அது வெப்பநிலையால் மட்டும் மாறும். 20 டிகிரி குறைந்தால் 3 சதவீதம்தான் இறங்கும்.

கட்டும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். எம்டிஎஃப் மலிவு, ஆனா மேகம் இறங்கும் ஊருக்கும் மே மாச கொடைரோடு வெயிலுக்கும் மாறி மாறிப் போகிற வண்டியில் ஓரம் உப்பும். பிளைவுட் நல்லது, இல்லைன்னா எம்டிஎஃப் ஓரத்துக்கு பெயிண்ட் கட்டாயம். பெட்டியும் வூஃபரும் சேர்ந்து 16 கிலோ வரும்; கொண்டை ஊசி வளைவில் அது சும்மா நிக்காது, பெல்ட் போட்டு வண்டி பாடியோட கட்டணும். ஆம்புக்குப் போகிற வயரில் பேட்டரியில் இருந்து ஒரு அடிக்குள் ஃப்யூஸ் போடணும். இதை மறந்தா மேல சொன்ன எந்தக் கணக்கும் உதவாது, வண்டியே எரியும்.

அண்ணன் பெட்டியில் ஓட்டையை ஹேண்ட் டிரில்லில் நான்தான் போட்டேன், போடுறதுக்கு முன்னாடி அவர் ரெண்டு தடவை "நிஜமாத்தானா?" என்று கேட்டார். அடுத்த சவாரியில் பெருமாள்மலையில் டீக்கு நிறுத்தினப்போ டிக்கியைத் திறந்து கோனைத் தொட்டுப் பார்த்துட்டு போன் பண்ணினார். சமமா இருக்காம், கரகரப்பும் இல்லையாம். "ஆனா தம்பி, பின்னாடி எங்கயோ டரடரன்னு ஒரு சத்தம்." நம்பர் பிளேட்டா இருக்கும்னு சொல்லியிருக்கேன். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கணும்.