ஸ்ரீரங்கத்திலிருந்து பிரெஞ்சு சீமைக்கு மூன்று சாலை

"சித்தப்பா, ரெண்டு நாள்தான் லீவு. கார் இருக்கு. பிரெஞ்சுக்காரன் இருந்த ஊரா ஒண்ணு பாக்கணும். பாண்டியா, காரைக்காலா?" என்று பெங்களூரிலிருந்து அண்ணன் மகன் போனில் கேட்டான். அவனோடு வேலை பார்க்கும் ஒருவர் பிரான்சில் லுவார் ஆற்றங்கரையோரமாகக் கார் ஓட்டிக்கொண்டு அரண்மனை அரண்மனையாகப் பார்த்துவிட்டு வந்து படம் காட்டியிருக்கிறார். அந்த ஆசையை இங்கேயே பெட்ரோல் செலவோடு முடித்துக்கொள்ளலாம் என்பது இவன் கணக்கு.

"நீ எங்கடா வந்து இறங்குவே?"

"உங்க வீட்டுக்குத்தான், ஸ்ரீரங்கத்துக்கு."

"அப்போ பிரெஞ்சுக்காரன் இருந்த ஊர்லதான் இறங்கப்போறே."

நம்பவில்லை. திருச்சிக்காரர்களிலேயே பாதிப் பேர் நம்புவதில்லை. அதனால் அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். வழி மூன்று. ஒன்று, ஊரை விட்டு நகராமல் ஒரு நாள். இரண்டு, வடக்கே சென்னை நெடுஞ்சாலையில் ஏறி, செஞ்சி வழியாகப் புதுச்சேரி. மூன்று, கிழக்கே தஞ்சாவூர் வழியாகக் காரைக்கால். மூன்றும் ஒரே பண்டம் அல்ல. திருச்சி பிரெஞ்சுக்காரர்கள் தோற்ற இடம். புதுச்சேரி அவர்கள் ஆண்ட இடம். காரைக்கால் அவர்கள் ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பிய இடம். எதைப் பார்க்க ஆசை என்று தெரிந்தால் சாலை தானே முடிவாகிவிடும்.

முதலில் உள்ளூர். 1749-இல் ஆம்பூர்ச் சண்டையில் ஆற்காட்டு நவாப் அன்வாருதீன் கொல்லப்பட, அவர் மகன் முகம்மது அலி ஓடி வந்து ஒளிந்தது திருச்சிக் கோட்டையில். அவரைத் துரத்தி வந்த சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுப் படை துணை, முகம்மது அலிக்கு ஆங்கிலேயர் துணை. 1751-இல் முற்றுகை தொடங்கியது. மறுவருஷம் ஆங்கிலேயர் கை ஓங்கியதும், பிரெஞ்சுத் தளபதி ழாக் லா தென்கரையை விட்டுக் காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் தீவுக்குள் வந்து உட்கார்ந்தார். மதில் மதிலாக நிற்கும் கோயில், ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். இதைவிடப் பத்திரமான இடம் ஏது என்று நினைத்திருப்பார். ஆங்கிலப் படையின் கிளைவ் வடகரைக்குப் போய்ச் சமயபுரத்தில் முகாம் போட்டதும் புதுச்சேரிச் சாலை அறுந்தது, தீவு எலிப்பொறி ஆனது. அந்த முகாமில் ஓர் இரவுத் தாக்குதலில் கிளைவ் மயிரிழையில் தப்பினார். 1752 ஜூனில் லா சரணடைந்தார். ஏறத்தாழ 800 ஐரோப்பியர்களும் 2000 சிப்பாய்களும் ஆயுதத்தைக் கீழே போட்டார்கள். சந்தா சாகிப், பத்திரமாகக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்ன தஞ்சாவூர்த் தளபதி மானோஜியை நம்பிப் போனார். தலை போயிற்று.

இந்த லா குடும்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது. பிரெஞ்சு நாட்டின் கஜானாவையே காகித நோட்டால் கவிழ்த்தாரே ஜான் லா, அவருடைய தம்பி பிள்ளை இவர்.

உள்ளூர்ச் சுற்றுக்குக் கார் வேண்டாம். வீட்டிலேயே நிற்கட்டும். காலை 6 மணிக்குக் கோயிலின் வெளித் திருச்சுற்றுகளில் நடக்கத் தொடங்கினால் வெயிலுக்கு முன் முடியும். ராஜகோபுரத்தை இந்தக் கதையில் சேர்க்காதீர்கள். லா பார்த்தது மொட்டையாக நின்ற அடிப்பகுதியைத்தான், கோபுரம் முழுமையானது 1987-இல். பிறகு திருவானைக்காவல். அங்கிருந்து 1-ஆம் நம்பர் பஸ் ஏறினால் காவிரிப் பாலம் தாண்டிச் சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, மெயின் கார்டு கேட். முற்றுகையைப் பார்த்த கோட்டையில் மிஞ்சியிருக்கும் வாசல் அது. பக்கத்தில் தெப்பக்குளம், கிளைவ் தங்கியதாகச் சொல்லப்படும் வீடு. அந்த வீடு இப்போது செயின்ட் ஜோசப் கல்லூரி மாணவர் விடுதி.

அங்கே நிற்கும்போது ஒரு தெருப்பலகையைப் படியுங்கள்: மேலப்புலிவார்டு ரோடு. கிழக்கே கீழப்புலிவார்டு ரோடும் உண்டு. புலிக்கும் வார்டுக்கும் சம்பந்தமில்லை. 'புலுவார்' என்ற பிரெஞ்சுச் சொல் ஆங்கிலேயர் வாய் வழியாக நம்மிடம் வந்து புலியானது. அந்தச் சொல்லுக்கு முதலில் கோட்டைக் கொத்தளம் என்றுதான் பொருள். கொத்தளத்தை இடித்துப் போட்ட அகலச் சாலைக்கும் பிறகு அதே பெயர் நின்றது. நம் ஊரிலும் அகழியையும் மதிலையும் ஒட்டித்தான் அந்தச் சாலைகள் ஓடுகின்றன. பாரிஸில்கூட எல்லா புலுவாரும் இவ்வளவு பொருத்தமாக இருக்காது.

தோற்றுப் போனவர்கள் வேறு உருவத்தில் திரும்பி வந்ததும் இங்கேதான். பிரெஞ்சு ஏசு சபையினர் 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய கல்லூரி 1883-இல் திருச்சிக்கு வந்தது. அதன் வளாகத்தை ஒட்டி நிற்கும் லூர்து மாதா கோயில், பிரான்சின் லூர்து ஊர்ப் பேராலயத்தைப் பார்த்துக் கட்டியது. ஸ்ரீரங்கத்துக்கும் ஒருவர் வந்தார். பாரிஸ் கீமே அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ழானின் ஒபுவாயே என்ற அம்மையார், யுனெஸ்கோவுக்காகப் பெரிய கோயிலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பீரங்கியோடு வந்தவர்களைவிட அவர் கோயிலை அதிகம் பார்த்திருக்கிறார்.

மாலையில் நத்தர்வலி தர்கா. வென்ற முகம்மது அலியின் அடக்கம் அங்கே இருக்கிறது. தோற்ற சந்தா சாகிபும் அங்கேதான் என்பது நெடுநாள் வழக்கு. நேரம் இருந்தால் பொன்மலை. 1753-இல் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி வந்து மோதிய இடம் அது. இப்போது பாறையைச் சுற்றி ரயில்வே குடியிருப்பு. கற்பனை வளம் இல்லாதவர்கள் இதை விட்டுவிடலாம்.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறது, வயதானவர்களும் கூட வருகிறார்கள் என்றால் இதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. ஆனால் 'பிரெஞ்சு மாதிரி' ஒரு தெருவில் நின்று படம் எடுக்க வேண்டும் என்பவர்களுக்கு இந்த நாள் ஏமாற்றம்தான். மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் இங்கே கிடையாது.

அவர்களுக்கு வடக்குச் சாலை. என் ஓட்டும் இதற்குத்தான், ஆனால் நேரே ஓட்டிக்கொண்டு போனால் அல்ல. திருச்சியிலிருந்து விழுப்புரம் வழியாகப் புதுச்சேரி சுமார் 200 கிலோமீட்டர், 4 மணி நேரம். நான்குவழிச் சாலை, மூன்று சுங்கச்சாவடிக்குக் குறையாமல் வரும், ஃபாஸ்டேகில் பணம் இருக்கட்டும். ஞாயிறு, செவ்வாய், வெள்ளியில் சமயபுரம் மாரியம்மன் கூட்டம் நெடுஞ்சாலை வரை வரும். அந்த நாட்களில் 6 மணிக்கு முன்னாலேயே அந்த இடத்தைத் தாண்டிவிட வேண்டும்.

பெரம்பலூரைத் தாண்டியதும் வாலிகண்டபுரம். லாவை மீட்கப் புதுச்சேரியிலிருந்து உதவிப்படையோடு வந்த தோத்தேய், இதுவரைதான் வர முடிந்தது. லா சரணடைவதற்குச் சில நாள் முன் அவரும் இங்கே கிளைவிடம் சரணடைந்தார். இன்னும் கொஞ்சம் வடக்கே, நெடுஞ்சாலையிலிருந்து கண்ணுக்கே தெரியும் ரஞ்சன்குடிக் கோட்டை. 1751-இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலப் படையை இங்கிருந்து விரட்டி, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிவரை ஓட வைத்தார்கள். ஓடியவர்கள் தெற்கே போனார்கள், நாம் அதே சாலையில் வடக்கே போகிறோம். சென்னைக்கு நூறு தடவை போனவர்கள்கூட இந்தக் கோட்டையை பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி. முக்கால் மணி நேரம் போதும், ஏற்றமும் சின்னதுதான்.

விழுப்புரத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். கிழக்கே திரும்பினால் 40 கிலோமீட்டரில் புதுச்சேரி. வடக்கே செஞ்சிக்குப் போய் வந்தால் மொத்தத்தில் 70 கிலோமீட்டர் கூடும், அரை நாள் போகும். போங்கள் என்பேன். 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்த கோட்டை அது. அங்கே ராஜகிரி மலையை நேரில் பார்த்தால் 'ஒரே இரவு' என்பது எப்படிப்பட்ட பேச்சு என்று புரியும். மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஆகிவிட்டது. நான் ஒருமுறை மே மாதம் மதியம் 2 மணிக்குப் போய் நின்றேன். பாறை தோசைக்கல்லாகக் காய்ந்துகொண்டிருந்தது, கல்யாண மகாலோடு திரும்பினேன். பிற்பகலில் தாமதமாகப் போனால் ராஜகிரி உச்சிக்கு விடவும் மாட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் 5 மணிக்குக் கிளம்பி, ரஞ்சன்குடியைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், 9 மணிக்கு முன் செஞ்சி. முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு அங்கேயே உள்ள இன்னொரு மலை, கிருஷ்ணகிரி, கொஞ்சம் இரக்கம் காட்டும்.

செஞ்சியைப் பார்த்துவிட்டுப் புதுச்சேரிக் கடற்கரைக்குப் போனால் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் வேறு மாதிரி தெரியும். அவை செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள்.

புதுச்சேரியைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள், ஓட்டல் பட்டியல் நான் தரப்போவதில்லை. ஒரு விஷயம் மட்டும். 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் திரும்பக் கிடைத்தபோது, இடிபாட்டின் மேல் ஊரை மறுபடி எழுப்பிய கவர்னர் ழான் லா த லொரிஸ்தோன். நம் ஸ்ரீரங்கத்தில் சரணடைந்த ழாக் லாவின் அண்ணன். தம்பி தோற்ற இடத்தில் காலையில் கிளம்பி அண்ணன் கட்டிய தெருவில் மாலையில் நடக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே, திருச்சிக்காரர்களுக்குப் புதுச்சேரி சென்னைக்காரர்கள் பார்க்கும் புதுச்சேரி அல்ல என்பேன்.

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே மட்டும் சுற்றிவிட்டுத் திரும்பாதீர்கள். மேற்கே தமிழர் பகுதியில் ஆனந்தரங்கப் பிள்ளை வீடு இருக்கிறது. பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளெக்ஸின் துபாஷி, 1736 முதல் தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். திருச்சிப் போர்ச் செய்திகள் அவர் காதுக்கு வந்து சேர்ந்த வீடு. ஊர் விழுவதற்குச் சில நாட்கள் முன் இறந்தார். உள்ளே பார்க்க முன்னதாக அனுமதி கேட்க வேண்டும். மாலையில் பிரெஞ்சுப் பட்டாளத்து ஓய்வூதியக்காரர்கள், ஊர்ப் பேச்சில் 'சொல்தா'க்கள், இரும்புக் குண்டை உருட்டி பெத்தாங் ஆடுவதைப் பார்க்கக் கிடைத்தால் நின்று பாருங்கள். அது கட்டடம் அல்ல, இடிக்க முடியாது.

நடைமுறை விஷயங்கள்: வெள்ளி, சனி இரவுகளில் பெங்களூரும் சென்னையும் அங்கேதான் இருக்கும், அறை வாடகை ஏறும், கார் நிறுத்த இடம் கிடைக்காது. முடிந்தால் ஞாயிறு மதியம் போய் இறங்குங்கள், ஆனால் திங்கட்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள். வாடகைக் கார் என்றால் புதுச்சேரிப் பெர்மிட் பற்றி முதலிலேயே பேசிவிடுங்கள். பெட்ரோலை அங்கே நிரப்பிக்கொள்ளலாம், விலை குறைவு. மற்ற திரவங்களை நிரப்பிக்கொண்டு எல்லை தாண்டினால் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள்.

காரைக்கால் 150 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. தூரம் குறைவு, நேரம் குறையாது. தஞ்சாவூர் வரை பறக்கலாம், அதற்கப்பால் ஊருக்கு ஊர் வேகத்தடை, தை மாசியில் அறுவடை இயந்திரமும் சாலையில் காயும் நெல்லும். ஐப்பசி கார்த்திகையில் டெல்டா மழையைப் பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், கீவளூர் வழியாகப் போனால் அது 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்த வழி. தஞ்சாவூர் அரசரிடம் பழைய கடன்பத்திரத்தைக் காட்டிப் பணம் வசூலிக்க வந்தார். வழியில் கீவளூர்க் கோயிலைத் துருவினார், தஞ்சாவூர்க் கோட்டையை முற்றுகையிட்டார், வெடிமருந்தும் சோறும் தீர்ந்து காரைக்காலுக்கே திரும்பினார். பின்னாளில் பாரிஸில் அவர் தலையை வெட்டினார்கள். இந்தக் கதைகளில் யார் தலையும் கடைசி வரை தங்குவதில்லை.

1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர் என்றாலும், காரைக்காலில் பார்க்கக் கட்டடம் அதிகமில்லை. அரசலாறு கடலில் சேரும் இடத்துக்குப் போங்கள். 19-ஆம் நூற்றாண்டில் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களில் பலர் இந்தக் கரையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கப்பல் ஏறியவர்கள். அதற்கு அங்கே கண்ணில் படும்படி ஒன்றும் இல்லை, கடல்தான் இருக்கிறது. நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். கோயில் பார்க்கும் பெரியவர்கள் வண்டியில் இருந்தால் கதையே வேறு: காரைக்கால் அம்மையார் கோயில், 5 கிலோமீட்டரில் திருநள்ளாறு. சனிக்கிழமை மட்டும் வேண்டாம். வடக்கே கொஞ்ச தூரத்தில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய தரங்கம்பாடிக் கோட்டை. சொல்லப்போனால் இந்தப் பக்கத்தில் ஐரோப்பியக் களை அங்கேதான் அதிகம்.

இரண்டையும் சேர்த்துவிடலாமா என்றான் பையன். புதுச்சேரியிலிருந்து கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி வழியாகக் காரைக்கால் சுமார் 130 கிலோமீட்டர், அங்கிருந்து தஞ்சாவூர் வழியாக வீடு. சேர்க்கலாம், 3 நாள் இருந்தால். 2 நாளில் செய்தால் பார்த்தது வேகத்தடை மட்டும்தான் என்று ஆகும். ஒரு ஊரில் தங்கி அதைச் சுற்றிப் பார்ப்பது, ஊருக்கு ஊர் பெட்டியைத் தூக்குவதைவிட மேல். லுவார் போனவரும் ஒரே ஊரில் தங்கித்தான் சுற்றினாராம்.

கடைசியில் அவன் எடுத்த முடிவு: வெள்ளி இரவு ஸ்ரீரங்கம், சனிக்கிழமை காலை மட்டும் உள்ளூர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வடக்குச் சாலையில் ரஞ்சன்குடி பார்த்துவிட்டுச் செஞ்சியில் இரவு, ஞாயிறு விடியலில் மலை, மதியம் புதுச்சேரி, அப்படியே பெங்களூர். சனி இரவுப் புதுச்சேரி வாடகையும் மிச்சம். வரும்போது என் பழைய தொப்பியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். செஞ்சியில் நிழல் கிடையாது.