பீப்பாய்க்குள் வரும் பழம்

சீர்காழி



பழச்சாற்றிலோ பழக்கூழிலோ உள்ள தண்ணீரின் பெரும்பகுதியை ஆவியாக்கி நீக்கிய பின் எஞ்சும் தடித்த சாறே பழச்செறிவு எனப்படுகிறது. வணிகர்கள் அதைக் கான்சன்ட்ரேட் என்றே வழங்குவர். கரும்புச்சாறு கொப்பரையில் பாகாவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படை புதியதன்று. ஆயினும் திறந்த கொப்பரையில் காய்ச்சினால் பழத்தின் மணமும் நிறமும் கெட்டுவிடும் என்பதால், காற்றழுத்தம் குறைக்கப்பட்ட மூடிய கலங்களில் குறைந்த வெப்பத்திலேயே நீரைப் பிரித்தெடுக்கிறார்கள். ஆவியோடு எழும் மணத்தைத் தனியே பிடித்து வைத்துப் பின்னர் பானத்தில் சேர்ப்பதும் உண்டு. தண்ணீர் எங்கும் கிடைக்கும்போது அதற்குக் கப்பல் கூலி கொடுத்துக் கடல் கடத்துவது வீண் என்பதே இத்தனை உழைப்புக்கும் காரணம்.

செறிவின் அளவைப் பிரிக்ஸ் என்ற அலகால் குறிப்பர். 100 கிராம் கரைசலில் எத்தனை கிராம் சர்க்கரை கரைந்திருக்கிறது என்பதே அதன் பொருள். இதை அளக்கும் ஒளிவிலகல்மானி ஒரு சாண் நீளமுள்ள குழாய்தான். அதன் முனையிலுள்ள கண்ணாடிப் பட்டகத்தில் ஒரு சொட்டுச் சாற்றை விட்டு, மூடியைக் கவிழ்த்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், உள்ளே தெரியும் வட்டத்தின் மேற்பகுதி நீலமாகவும் கீழ்ப்பகுதி வெண்மையாகவும் பிரியும். இரண்டுக்கும் இடைப்பட்ட கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுவே அந்தச் சாற்றின் பிரிக்ஸ். ஆனால் அந்த இனிப்பு மாம்பழத்திலிருந்து வந்ததா, சர்க்கரை மூட்டையிலிருந்து வந்ததா என்பதை அந்தக் கோடு சொல்லாது. குடிப்பவரின் நாக்கும் சொல்லாது. பழத்தைக் கையில் வாங்குபவர் முகர்ந்தும் அழுத்தியும் பார்க்கலாம். செறிவிலிருந்து செய்த பானத்தை வாங்குபவருக்கு அட்டையில் அச்சிட்ட எழுத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. லேபிளை விளம்பரமாக எண்ணாமல் வாக்குமூலமாக எண்ண வேண்டும் என்பது இதனாலேயே.

அந்த எழுத்தின் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பது கணக்கு ஒன்றைப் பார்த்தால் விளங்கும். கிருஷ்ணகிரி வட்டாரத்து ஆலைகள் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் வழங்கும் மாம்பழத்தைக் கூழாக்கி வெளிநாடுகளுக்கு அனுப்புகின்றன. அந்தக் கூழ் இயல்பில் 14 பிரிக்ஸ் அளவிலும், செறிவாக்கிய பின் 28 பிரிக்ஸ் அளவிலும் விற்பனையாகிறது. ஒரு பீப்பாயில் 200 கிலோ செறிவு இருப்பதாகக் கொண்டால், அது 400 கிலோ கூழுக்குச் சமம். நூற்றுக்குப் பத்துப் பங்கு பழம் உள்ள பானமாகக் கலக்கும்போது அதிலிருந்து 4,000 கிலோ பானம், அதாவது 200 கிராம் பாக்கெட்டுகள் 20,000 கிடைக்கும். பெரிய நாட்டில் இது ஒரு தெருவோடு முடிந்துவிடும் சரக்கு. இறக்குமதியாளர் சிலரே உள்ள ஒரு தீவிலோ, ஒரு பீப்பாயைப் பற்றி எழுதிய ஒரு தவறான வரி பல ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்குப் போய்விடும்.

நம் கரைக்கு எதிரே இருக்கும் இலங்கையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கே இறக்குமதி உணவு 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கும் அதன் கீழ் வெளியான ஒழுங்குவிதிகளுக்கும் உட்பட்டது. சிறிய சந்தைக்கென்று தனி அட்டை அச்சிடுவது செலவு மிகுந்த வேலை. ஆகவே வேறொரு நாட்டுக்காக அச்சிட்ட அட்டையின் மேல் ஒட்டுச்சீட்டு ஒட்டி விற்கும் பழக்கம் இத்தகைய சந்தைகளில் எங்கும் காணப்படுவது. ஒட்டுச்சீட்டு குற்றமன்று, ஆனால் அது மூல அட்டையிலுள்ள தயாரிப்புத் தேதியையோ பொருட்பட்டியலையோ மறைத்தாலும், அடியிலுள்ள எழுத்து ஒன்றையும் மேலுள்ள எழுத்து வேறொன்றையும் சொன்னாலும், அதை ஒட்டியவரே பொறுப்பாளி ஆகிறார். தண்ணீர் சேர்த்துப் பாக்கெட்டில் அடைப்பவரும் அப்படியே. பழத்தை அவர் கண்ணால் பார்த்திராவிட்டாலும் பானத்தின் ஆசிரியர் அவர்தான்.

சீர்காழிக்குப் பக்கத்திலேயே இருக்கும் பூம்புகாருக்குச் சரக்கின் மேல் அடையாளம் இடுவது பழைய செய்தி. வணிகர் தம் பெயரும் எண்ணிக்கையும் குறித்த கண்ணெழுத்துகளோடு பொதிகள் அங்கே குவிந்து கிடந்ததைச் சிலப்பதிகாரமும், சுங்கம் கொண்டு புலிப்பொறி இட்டதைப் பட்டினப்பாலையும் சொல்கின்றன. பழச்சாறுகளுக்காகப் பன்னாட்டு உணவு நெறி அமைப்பான கோடெக்ஸ் 2005இல் வகுத்த தரம் பீப்பாயின் மேல் கேட்பதும் ஏறக்குறைய அதையே: பொருளின் பெயர், தொகுதி எண், நிகர அளவு, செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், சேமிக்கும் முறை. மற்ற விவரங்கள் உடன்வரும் தாள்களில் இருக்கலாம். இவை மட்டும் பீப்பாயை விட்டுப் பிரியக்கூடாது. பெயர் தாளில் மட்டும் இருந்தால், தாள் தொலைந்த பீப்பாய் பழத்தின் பெயரையே இழந்துவிடும் என்பதை நினைத்தால் இந்த விதியின் அருமை புரியும்.

இலங்கை 2016 ஆகஸ்ட் 1 முதல் பானங்களின் மேல் சர்க்கரை அளவை நிறத்தால் காட்டச் செய்தது. 100 மில்லிலிட்டரில் 11 கிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழ் பச்சை. 100 மில்லிலிட்டருக்கு 12 கிராம் உள்ள 200 மில்லிலிட்டர் பானம் சிவப்பு; அதைக் குடித்து முடிக்கும் பிள்ளையின் வயிற்றுக்குள் 24 கிராம் சர்க்கரை போகிறது. 2017 நவம்பரில் பானத்திலுள்ள சர்க்கரைக்குக் கிராமுக்கு 50 சதம் என்ற வரியும் வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் நிறம் தெரியும் என்பதால், இந்த நிற ஒழுங்கு இந்தியாவும் பின்பற்றத் தக்கது.

கரைத்துக் குடிக்கும் பானங்களில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. நன்னாரி சர்பத் போடுபவர் ஒருவர் தம்ளரின் அடியில் பாகை இரண்டு விரற்கடை ஊற்றுவார், மற்றொருவர் மூன்று விரற்கடை ஊற்றுவார். ஆகவே அட்டையில் தரும் சர்க்கரை அளவு பாகுக்கு உரியதா, கலந்த தம்ளருக்கு உரியதா, ஒரு பங்குக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்பதெல்லாம் அளவுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். புட்டியின் பின்புறத்துப் பொடியெழுத்தில் போடுவது எழுதாமல் விடுவதற்கு ஒப்பாகும்.

இந்திய விதிகளில் பெயரே அளவைச் சொல்லிவிடுகிறது. ஸ்குவாஷ் என்று எழுதினால் அதில் குறைந்தது நூற்றுக்கு 25 பங்கு பழச்சாறு இருந்தாக வேண்டும். அப்படியே குடிக்கும் பழப்பானத்துக்கு 10 பங்கு, எலுமிச்சைப் பானத்துக்கு மட்டும் 5 பங்கு. செறிவில் மீண்டும் தண்ணீர் சேர்த்துச் செய்த சாற்றை நூறு விழுக்காடு பழச்சாறு என்று விளம்பரம் செய்யக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. போன தண்ணீருக்குப் பதில் வேறு தண்ணீர்தானே வந்தது என்று வணிகர் வாதிடக்கூடும். ஆனால் வாங்குபவர் அந்தச் சொற்களைப் படிக்கும்போது பிழிந்த பழத்தையே மனத்தில் காண்கிறார் என்பதால் ஆணையத்தின் முடிவே நியாயமானது.

மொழியிலும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் எழுதிய தமிழ் அட்டை இலங்கைத் தமிழருக்கு அப்படியே பொருந்தும் என்று கருதுவது பிழை. நம் ஆரஞ்சு அங்கே தோடம்பழம், எலுமிச்சை தேசிக்காய், பப்பாளி பப்பாசி, லேபிளையே சுட்டுத்துண்டு என்பார்கள். இவை தவறினால் வாசிப்பவர் சற்றுத் தடுமாறுவார், அவ்வளவே. சர்க்கரை என்ற சொல் அப்படிப்பட்டதன்று. யாழ்ப்பாணத்துப் பேச்சில் அது வெல்லத்தையே குறிக்கும். சோதனைக்கூட அறிக்கையும் சுங்கத்தின் அனுமதியும் பழுதில்லாமல் இருந்தாலும், 'சர்க்கரை சேர்க்கப்பட்டது' என்ற வரியைப் படிக்கும் தாய் அந்தப் போத்தலில் வெல்லம் கலந்திருப்பதாக எண்ணிப் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுப்பார். அங்கே எழுத வேண்டிய சொல் சீனி.