பாடம் 8: கோப்பில் உள்ளதும் வீட்டில் உள்ளதும்

மருத்துவம் பயில்வோர் மருத்துவமனையில் பயிற்சி பெறுவர். சட்டம் பயில்வோர் நீதிமன்றத்தில் பெறுவர். வரலாறு பயில்வோர்க்கு ஆவணக்காப்பகமும் அருங்காட்சியகமும் அகழாய்வுக் களமுமே பயிற்சிக்கூடங்கள். இதனை உள்ளகப் பயிற்சி என்பர். பேச்சில் ‘இன்டர்ன்ஷிப்’ என்றே வழங்கும்.

விடியலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோரோடு, கோரமண்டல் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவியும் தொடர்வண்டி ஏறுவதாகக் கொள்வோம். மைசூர் அரசின் பழைய கோப்புகள் கர்நாடக மாநில ஆவணக்காப்பகத்தில் உள்ளன. அங்கு முதலில் அவருக்குக் கிடைப்பது தூசி தட்டும் வேலை, அடுத்தது பக்க எண் இடுதல், பின்னரே பட்டியலிடுதல். சலிப்பூட்டும் பணிதான். ஆயினும், தாளைக் கிழிக்காமல் புரட்டத் தெரியாதவர் அதனைப் படிக்கவும் பொறுமை கொள்ளார்.

1930 ஆம் ஆண்டில் தங்கவயல் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். கைரேகை பதித்துப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டளையே அதற்குக் காரணம். இதனை வரலாற்றறிஞர் ஜானகி நாயர் ஆராய்ந்து எழுதியுள்ளார். அரசுக் கோப்பைத் திறக்கும் மாணவி முதலில் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: இச்சொற்கள் யாருடையவை? கோப்பை எழுதியவர் அதிகாரி. ரேகை பதிக்க மறுத்தவரோ வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்க வந்தவர். அவருள் பலர் எழுதப் படிக்க அறியாதவர். அவர்தம் சொல் பெரும்பாலும் தாளில் ஏறவில்லை. வீடுகளில் வாய்மொழியாகவே தங்கியது.

ஆகவே பயிற்சியின் மறுபாதி நம் லைன் வீடுகளில் நிகழ வேண்டும். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆழத்தில் இறங்கி உழைத்தவர் பலர் இன்று முதியவர். அவர்களிடம் இசைவு பெற்றே உரையாடலைப் பதிவு செய்தல் வேண்டும். நாளும் இடமும் குறித்தல் வேண்டும். ‘ஷிப்டு’ என்று தாத்தா கூறினால் ‘பணிமுறை’ எனத் திருத்தாது அவ்வாறே எழுதுக. (இலக்கணம் கற்பிக்கும் நானே இதனைச் சொல்கிறேன்!) நினைவு பிறழ்வதும் உண்டு, எனவே பழைய பணி அட்டை, சம்பளச் சீட்டு, நிழற்படம் ஆகியவற்றோடு ஒப்பிடுக. இரண்டும் முரண்பட்டால் ஒன்றை அழிக்காதீர்; இரண்டையும் எழுதி வைப்பீர்.

சொற்பொருள்
இசைவு – சம்மதம்
பிறழ்தல் – மாறுபடுதல்

பயிற்சி
1. 1930 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்திற்குக் காரணம் யாது?
2. உம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள பழைய தாள் ஒன்றைக் காண்க. அதை எழுதியவர் யார்? அதில் இடம்பெறாதவர் யார்? ஐந்து வரிகளில் எழுதுக.
3. சுரங்கத்தில் பணியாற்றிய ஒருவரிடம் கேட்க நான்கு வினாக்கள் அமைக்க.