ஒரு மணி நேரம் விழித்திருப்பாயா?
(பாடுகளின் வாரத்தில் ஜெபிப்பது எப்படி?)

தியான வேதபகுதி: மாற்கு 11:1-25, மத்தேயு 26:36-46, லூக்கா 23:33-46



அத்திப்பட்டுக்காரர்களுக்குச் சாம்பல் புதிது அல்ல. காற்று திரும்பி வீசினால் போதும், மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளை வேஷ்டி சாயங்காலத்துக்குள் பழுப்பாகிவிடும். நம்முடைய சபையில் ஒரு சகோதரி சிரித்துக்கொண்டே கேட்டார்கள்: "பாஸ்டர், கத்தோலிக்க கோயில்ல சாம்பல் புதன் அன்னிக்கு நெத்தியில சாம்பல் பூசிக்கிறாங்க. நமக்கு வருஷம் பூரா சாம்பல்தான்! நாம லெந்து அனுசரிக்கணுமா, வேணாமா?"

கேள்வி வேடிக்கையானது. பதிலை வேடிக்கையாகச் சொல்லக்கூடாது.

நாற்பது நாட்கள் எங்கிருந்து வந்தன?

சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரை எண்ணிப் பாருங்கள், 46 நாட்கள் வரும். நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளை உயிர்த்தெழுதலின் நாட்கள் என்று கழித்துவிட்டால் 40. நம் ஆண்டவர் வனாந்தரத்தில் உபவாசித்த நாற்பது நாட்களை (மத். 4:2) நினைத்தே சபையார் இந்தக் கணக்கை வைத்தார்கள். ஈஸ்டர் ஒரே தேதியில் வருவதில்லை. மார்ச் 21-ந் தேதியிலோ அதற்குப் பின்போ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு என்பது கணக்கு. அதனால்தான் 2025-ல் ஏப்ரல் 20, 2026-ல் ஏப்ரல் 5, 2027-ல் மார்ச் 28 என்று மாறி மாறி வருகிறது.

இப்படி நாற்பது நாள் அனுசரிக்க வேண்டும் என்று புதிய ஏற்பாட்டில் கட்டளை இல்லை. அதைக் கைக்கொள்ளாதவனை நியாயந்தீர்க்க ஒருவனுக்கும் அதிகாரம் இல்லை (கொலோ. 2:16). ஆனால் கைக்கொள்ளுகிறவனை அற்பமாய் எண்ணவும் நமக்கு அதிகாரம் இல்லை (ரோமர் 14:5,6). "நாங்க ஆவிக்குரிய சபை, எங்களுக்கு நாள் கிழமை கிடையாது" என்று பெருமை பேசுகிற நாம், பெரிய வெள்ளியன்று 12 மணி முதல் 3 மணி வரை உட்கார்ந்து ஏழு வார்த்தைகளைத் தியானிக்கிறோமே, அது எங்கிருந்து வந்தது? 1600-களின் பிற்பகுதியில் பெரு நாட்டின் லீமா நகரத்தில் ஓர் இயேசு சபைக் குரு தொடங்கிய ஆராதனை அது. கத்தோலிக்கர் கையிலிருந்து நமக்கு வந்த ஒரு நன்மை. ஆகையால் வாயை அடக்கிக்கொண்டு ஜெபத்தைக் கற்றுக்கொள்வோம்.

நாற்பது நாளும் உங்களால் முடியுமானால் சந்தோஷம். முடியாவிட்டாலும் கடைசி எட்டு நாட்களை விட்டுவிடாதிருங்கள். அந்த வாரத்தில் இயேசு எப்படி நடந்தார், எப்படி ஜெபித்தார் என்று ஒவ்வொரு நாளாகப் பார்ப்போம்.

1. ஞாயிறு: ஊருக்காகக் கண்ணீர்

குருத்தோலையைப் பிடித்து ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள். ஆண்டவரோ நகரத்தைப் பார்த்து அழுதார் (லூக். 19:41). தேவபிள்ளையே, நீ குருத்தோலை பிடித்து ஓசன்னா பாடினாய். இந்த ஊருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாயா? புதுநகர், நந்தியம்பாக்கம், மீஞ்சூர், வல்லூர், எண்ணூர் என்று பேர் பேராகச் சொல்லி ஜெபியுங்கள். கும்மிடிப்பூண்டி ரயிலில் போகும்போது ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கண்ணை மூடாமலே ஜெபிக்கலாம்.

2. திங்கள்: எல்லா ஜனத்துக்கும் ஜெபவீடு

தேவாலயத்தைச் சுத்திகரித்தபோது, அது சகல ஜாதிகளுக்கும் உரிய ஜெபவீடு என்று ஆண்டவர் சொன்னார் (மாற்கு 11:17). நம் தெருவில் ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் தங்கி வேலை செய்கிற ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவருடைய பெயராவது உங்களுக்குத் தெரியுமா? திங்கட்கிழமை ஒருவரிடம் பெயரைக் கேளுங்கள். ராத்திரி அந்தப் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்.

3. செவ்வாய்: ஜெபத்துக்கு முன் மன்னிப்பு

மலையைப் பெயர்க்கிற விசுவாச ஜெபத்தைப் பற்றி ஆண்டவர் போதித்தது இந்த நாளில்தான். மாற்கு 11:23, 24-ஐ நாம் மனப்பாடமாகச் சொல்வோம். அடுத்த வசனத்தை வாசிப்பதில்லை! ஜெபிக்க நிற்கும்போது ஒருவன்மேல் குறை இருந்தால் முதலில் மன்னித்துவிடு என்கிறது 25-ம் வசனம்.

இங்கே என் சாட்சியைச் சொல்லியாக வேண்டும். எங்கள் அப்பா விட்டுப்போன நிலத்தில் வரப்போரமாய் மூன்று சென்ட் விஷயத்தில் எனக்கும் என் தம்பிக்கும் மனஸ்தாபம். உறவுக்காரர்கள் முன்னால் அவனை நான் "திருடன்" என்று சொல்லிவிட்டேன். மூன்று வருஷம் பேச்சில்லை. 2019-ம் வருஷம் பெரிய வெள்ளி ஏப்ரல் 19. முதல் வார்த்தையைப் பிரசங்கிக்க ஆயத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை இந்த 25-ம் வசனம் என்னைப் பிடித்தது. இரண்டு நாள் ஜெபிக்கவே முடியவில்லை. முழங்காலில் நின்றால் அவன் முகம்தான் வந்தது.

பெரிய வியாழனன்று, ஏப்ரல் 18, தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. எனக்கும் அவனுக்கும் ஊரில் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டு. வரிசையில் நிற்கிறேன், எனக்கு முன்னால் நாலாவது ஆளாய் என் தம்பி. அவன் ஓட்டுப் போட்டு வெளியே வந்தவன் எனக்காக நிற்கவில்லை. நான்தான் என் ஓட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வேப்பமரத்தடியில் அவன் கையைப் பிடித்தேன். "தம்பி, அன்னிக்கு நான் பேசினது தப்பு. என்னை மன்னிச்சிடு. அந்த மூணு சென்ட் உனக்கே இருக்கட்டும்" என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்காமலே, "சரிண்ணா. வெயில்ல நிக்காத, வீட்டுக்குப் போ" என்றான். அவ்வளவுதான். கட்டித் தழுவலும் இல்லை, கண்ணீரும் இல்லை. ஆனால் அந்த ராத்திரி என்னால் ஜெபிக்க முடிந்தது.

அதே வாரம் ஞாயிறு ஈஸ்டர் காலையில், ஏப்ரல் 21, இலங்கையில் ஆலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் மரித்தார்கள். மட்டக்களப்பு சீயோன் சபையில் நம்மைப் போலவே தமிழில் துதிக்கிற ஜனங்கள், அவர்களில் பல சிறு பிள்ளைகள். வேதனையும் கோபமும் உண்டு, ஆனாலும் மன்னிக்கிறோம் என்று அந்தச் சபையின் போதகர் உலகத்துக்கு முன்பாகச் சொன்னார். பிள்ளைகளைப் பறிகொடுத்த சபை அப்படிச் சொன்னது. நானோ மூன்று சென்ட் நிலத்துக்காக மூன்று வருஷம் பேசாதிருந்தவன். வெட்கத்தால் தலைகுனிந்தேன்.

4. புதன்: வேதம் அதிகம் பேசாத நாள்

பெத்தானியாவில் ஒரு ஸ்திரீ பரிமள தைலத்தை ஊற்றிய சம்பவத்தை இந்த நாளில் தியானிப்பது வழக்கம் (மாற்கு 14:3-9). யோவான் அதைப் பஸ்காவுக்கு ஆறு நாள் முன்னதாகச் சொல்லுகிறார் (யோவான் 12:1-3). தேதியைப் பற்றி வாதம் வேண்டாம். உங்களிடம் விலையுயர்ந்தது எது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. வியாழன்: கெத்செமனே

கெத்செமனே என்றால் எண்ணெய்ச் செக்கு என்று அர்த்தம். ஒலிவக்காய் நசுங்கினால்தான் எண்ணெய் வரும். அங்கே ஆண்டவர் மூன்று தரம் ஜெபித்தார், மூன்று தரமும் அதே வார்த்தைகள் (மத். 26:44). வீண் வார்த்தைகளை அலப்ப வேண்டாம் என்று போதித்தவரும் அவரே (மத். 6:7). அப்படியானால் என்ன வித்தியாசம்? அதிக வசனிப்பினால் கேட்கப்படும் என்று நினைத்துச் சொல்வது அலப்புதல். பாரம் தாங்காமல் வேறு வார்த்தை வராமல் சொல்வது ஜெபம்.

ஒரு வாலிப சகோதரன் என்னிடம், "பாஸ்டர், எனக்கு வியாழக்கிழமை சி ஷிஃப்ட். முழு இரவு ஜெபத்துக்கு வர முடியாது. ஆண்டவர் கோவிச்சுப்பாரா?" என்று கேட்டான். மகனே, பேதுருவைப் பார். அவன் மீன்பிடிக்கிறவன். ராமுழுதும் வலை போட்டு விழித்திருந்து பழகினவன் (லூக். 5:5). நம் எண்ணூர், பழவேற்காடு மீனவர்களைப் போல ராத்திரி வேலைக்காரன். அவனே தூங்கிவிட்டான்! சோம்பலால் அல்ல, துக்கத்தினால் தூங்கினார்கள் என்று லூக்கா எழுதுகிறார் (22:45). ஆண்டவர் அவர்களைத் தள்ளிவிடவில்லை. ஆவி உற்சாகமாயிருந்தாலும் மாம்சம் பலவீனம் என்று அறிந்து பேசினார். அவர் கேட்டது ஒரு மணி நேரம்தான்.

ஆகவே ஷிஃப்ட் வேலை செய்கிறவர்களுக்கு என் ஆலோசனை: ஏ ஷிஃப்ட்காரர்கள் வியாழன் இரவு 8 முதல் 9 வரை. பி ஷிஃப்ட்காரர்கள் வீடு வந்து 11 முதல் 12 வரை. சி ஷிஃப்ட்காரர்கள் வெள்ளி காலை வேலை முடிந்து வந்து படுக்குமுன் ஒரு மணி நேரம். போனை அணைத்துவிடுங்கள். இருபது நிமிஷம் மத்தேயு 26-ஐ மெதுவாக வாசியுங்கள். இருபது நிமிஷம் பாவ அறிக்கை. இருபது நிமிஷம் மற்றவர்களுக்காக விண்ணப்பம். மெஷின் பக்கத்தில் நிற்கும்போது கண்ணை மூடி ஜெபிக்க வேண்டாம், அங்கே விழித்திருப்பதே ஜெபம்!

உபவாசத்திலும் ஞானம் தேவை. உயரத்தில் ஏறி வேலை செய்கிறவர்களும் கிரேன் ஓட்டுகிறவர்களும் தண்ணீர் குடிக்காமல் வேலைக்குப் போகாதீர்கள். சர்க்கரை வியாதிக்கு மருந்து எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேளுங்கள். சாப்பாட்டை விட்டும் வீட்டில் எரிந்து விழுகிறவனுடைய உபவாசத்தைப் பற்றி ஏசாயா 58-ல் வாசியுங்கள்.

6. வெள்ளி: ஏழு வார்த்தைகளில் மூன்று ஜெபம்

ஏழு வார்த்தைகளில் மூன்றை லூக்காவும் மூன்றை யோவானும் எழுதினார்கள். ஒன்று மத்தேயுவிலும் மாற்கிலும் உள்ளது. அவற்றில் மூன்று, பிதாவை நோக்கிய ஜெபங்கள். முதலாவது பகைவருக்காக (லூக். 23:34). நான்காவது, கைவிடப்பட்ட வேதனையில் (மத். 27:46). ஏழாவது, ஒப்புக்கொடுத்தல் (லூக். 23:46). முதலிலும் கடைசியிலும் "பிதாவே" என்கிறார். நடுவில் மட்டும் "என் தேவனே" என்கிறார். பிதாவின் முகம் மறைந்த நேரத்திலும் ஜெபத்தை விடவில்லை! கடைசி இரண்டும் சங்கீதங்களிலிருந்து வந்தவை (சங். 22:1, 31:5). சொந்த வார்த்தை வராத நேரத்தில் சங்கீதத்தைத் திறந்து வாசியுங்கள், அதுவே உங்கள் ஜெபமாகும்.

7. சனி: மௌனம்

இந்த நாளில் ஒரு ஜெபமும் எழுதப்படவில்லை. கல்லறைக்கு முத்திரை போட்டாயிற்று. ஸ்திரீகள் கட்டளையின்படி ஓய்ந்திருந்தார்கள் (லூக். 23:56). சகோதரியே, குடிக்கிற புருஷனுக்காக வருஷக்கணக்காய் ஜெபித்து, பதில் வராமல் இருக்கிறாயா? நீ சனிக்கிழமையில் இருக்கிறாய். கல்லறை மூடியிருந்தாலும் தேவன் கிரியை செய்கிறார்.

8. ஞாயிறு: இன்னும் இருட்டாயிருக்கையில்

மகதலேனா மரியாள் விடியுமுன் புறப்பட்டாள் (யோவான் 20:1). பதில் கிடைத்த பின்பு அல்ல, இருட்டிலேயே புறப்பட்டாள். ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்குப் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டி வாருங்கள்.

என் தம்பியைப் பற்றிக் கேட்பீர்கள். அந்த ஈஸ்டருக்கு அவன் வரவில்லை. 2020 பொங்கலுக்கு அவன் பிள்ளைகள் என் வீட்டில் வந்து சாப்பிட்டார்கள். அவன் இன்னும் வாசல் வரைக்கும்தான் வருகிறான், உள்ளே வந்து உட்காருவதில்லை. நான் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

தேவபிள்ளையே, உன் வரிசையில் நாலு பேருக்கு முன்னால் நிற்பது யார்? இந்தச் செவ்வாய்க்கிழமை அவரிடம் போ. பிறகு வியாழக்கிழமை ஒரு மணி நேரம் ஆண்டவரோடு விழித்திரு.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் பலவீனத்தை நீர் அறிவீர். மன்னிக்க எங்களுக்கு மனதைத் தாரும். இந்த நாட்களில் எங்களை ஜெபத்தில் விழித்திருக்கச் செய்யும். எங்கள் ஊரை நினைத்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்.