ஹோர்ட்டன் சமவெளிக்குச் செல்வோர்க்கு

இலங்கையின் மத்திய மலைநாட்டில், கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் விரிந்து கிடக்கும் ஹோர்ட்டன் சமவெளியை ஒரே நாளில் நடந்து பார்க்க விரும்புவோர், விடியற்காலையிலேயே நுழைவாயிலை அடைந்துவிட வேண்டும். ஏனெனில், 800 மீட்டருக்கும் மேலாகச் செங்குத்தாய் இறங்கும் 'உலக முடிவு' என்னும் பாறை விளிம்பிலிருந்து காணும் அற்புத தரிசனத்தை, முற்பகல் 10 மணிக்குள் மூடுபனி பெரும்பாலும் மறைத்துவிடுகிறது.

பேக்கர் நீர்வீழ்ச்சியையும் சேர்த்துச் சுற்றிவரும் பாதை ஏறக்குறைய 9 கிலோமீட்டர். சாவதானமாக நடந்தால் நான்கு மணி நேரம் பிடிக்கும். மார்கழி, தை மாதங்களில் புல்நுனியெல்லாம் உறைபனி வெளுத்திருக்குமாதலால் கம்பளிச் சட்டை அவசியம். வெயில் ஏறியதும் தொப்பி வேண்டியிருக்கும்.

உணவைப் பாத்திரத்தில் எடுத்துச் செல்வதே உத்தமம். பாலித்தீன் உறைகளை வாயிலிலேயே சோதித்து அகற்றிவிடுகிறார்கள். அதை ஒரு தொந்தரவாக எவரும் எண்ணலாகாது. வாகனங்கள் நிற்குமிடத்திற்கே அச்சமின்றி வந்து நிற்கும் மரைகள், தின்பண்டத்தின் மணம் ஒட்டிய உறையை உணவென்று விழுங்கினால், அது இரைப்பையில் தங்கி அவற்றின் பிராணனுக்கே அபாயமாகும். அன்பினாலேனும் அவற்றுக்கு ரொட்டித்துண்டு நீட்ட வேண்டாம். நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் வழியில் மர வேர்களும் ஈரக் கற்களும் வழுக்குமாதலால், அழுத்தமான அடித்தோலுள்ள காலணியே அணிக.