சட்டிக்குத் தகுந்த கடை

ஐஸ்கிரீம் கடை போடப் போகிறோம் என்று யோசனை கேட்டு வருகிற பிள்ளைகள் முதலில் மெஷின் விலையைக் கேட்கிறார்கள். அடுத்து, எத்தனை ரகம் வைக்கலாம் என்கிறார்கள். மூன்றாவது கேள்வி பெரும்பாலும் கிளையைப் பற்றியது. முதல் கடையே இன்னும் திறந்திருக்காது. பால் யாரிடம் வாங்குவது என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் அபூர்வம். மதுரையில் குடும்பத்தோடு இந்தத் தொழிலைச் செய்தே வயசான ஒருவன் சொல்வதாக இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தம்பி என்றே கூப்பிடுகிறேன். தங்கச்சிகளும் அதில் சேர்த்திதான்.

1. பாலைப் படி, பிறகு மெஷினைப் பார்

ஐஸ்கிரீமில் நூற்றுக்கு அறுபது பங்குக்குமேல் தண்ணீர்தான் தம்பி. அது பெரிய பெரிய ஐஸாக மாறினால்தான் நாக்கில் நெருடுகிறது. தண்ணீரின் பங்கைக் குறைக்கப் பெரிய ஃபேக்டரிக்காரர் பால் பவுடர் சேர்ப்பார். மதுரைக்காரர் பாலைச் சுண்டக் காய்ச்சுவார். ஜிகர்தண்டாவின் தலையில் வைக்கிற அந்தப் பழுப்பு ஐஸ்கிரீமின் ருசி முழுக்க அடுப்பில் நின்ற நேரத்திலிருந்து வருகிறது. கீழ மாரட் வீதியில் விளக்குத்தூண் பக்கம் 1977 முதல் நடக்கிற ஃபேமஸ் ஜிகர்தண்டா கடைக்கு முன்னால் ஒருநாள் மாலையில் நின்று பார். கூட்டம் வருவது மெஷினைப் பார்த்து அல்ல.

ஒரு கணக்குச் சொல்கிறேன், எழுதிக்கொள். நல்ல எருமைப்பாலில் கொழுப்பு ஆறரை சதவீதம் இருக்கும். பத்து லிட்டரைப் பாதியாகச் சுண்டினால் அது 13 ஆகும். நூற்றுக்குப் பதினைந்து பங்கு சர்க்கரை சேர்ந்த பிறகும் 11-க்குக் குறையாது. ஐஸ்கிரீம் என்று பெயர் போட்டு விற்க நம் நாட்டுச் சட்டம் கேட்பது 10 சதவீதப் பால்கொழுப்பு. ஆக, எருமைப்பாலும் அடுப்பும் இருந்தால் தனியாகக் கிரீம் வாங்காமலே சட்டத்துக்குள் நிற்கலாம். பசும்பால் என்றால் கொழுப்பு நாலு சதவீதம் பக்கம்தான். கிரீம் சேர்த்துத்தான் ஆகவேண்டும்.

ஆனால் பாலைச் சுண்டும்போது கொழுப்பு மட்டுமா கூடுகிறது? பாலிலுள்ள சர்க்கரையும் சேர்ந்தே கூடும். அப்படிச் செய்த ஐஸ்கிரீம் வாரக்கணக்கில் ஃப்ரீசரில் கிடந்தால் அந்தப் பால்சர்க்கரை தனியே பிரிந்து பொடிப்பொடியாக உறையும். வாயில் வைத்தால் மணல் நறநறக்கிற மாதிரி இருக்கும். சுண்டிய பாலில் மேற்கொண்டு பால் பவுடரையும் கொட்டினால் கேட்கவே வேண்டாம். அதனால் நம் பக்குவத்தில் செய்கிற சரக்கைச் சட்டுப்புட்டென்று விற்றுத் தீர்க்க வேண்டும். கிடங்கில் அடுக்க முடியாது, தூரத்து ஊருக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. இந்தத் தொழிலில் உன் மற்ற முடிவுகளில் முக்கால்வாசி இந்த ஒரு காரணத்தைச் சுற்றித்தான் வரப்போகின்றன.

2. காய்ச்சிய பிறகுதான் ஆபத்து

கலவையை 68.5 டிகிரியில் அரைமணி நேரமாவது வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மணிக்கணக்காகக் காய்ச்சுகிறவனுக்கு இதென்ன பெரிய விஷயம் என்று நினைப்பாய். சட்டியை இறக்கிய பிறகு அதில் படுகிற கரண்டி, வடிகட்டி, முந்திரி, பழக்கூழ், ஈரக்கை, இவற்றின் வழியாகத்தான் கிருமி வந்து சேரும். குளிர் அதைக் கொல்லாது; அப்படியே வைத்திருக்கும். லிஸ்டீரியா என்றொரு கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெல்லப் பெருகும்.

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து பிரென்ஹாம் ஊரில் 1907-இல் தொடங்கிய புளூ பெல் கம்பெனியைத் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்திவந்தது. அந்த ஊருக்கே பெருமை அது. 2015-இல் அவர்கள் சரக்கில் லிஸ்டீரியா இருந்தது தெரியவந்தது. கான்சாஸ் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளாக இருந்த மூன்று பேர் இறந்தார்கள். ஏப்ரல் மாதம் விற்பனையிலிருந்த அத்தனை சரக்கையும் திரும்ப எடுத்தார்கள். 2020-இல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஏறத்தாழ ஒரு கோடியே தொண்ணூற்று மூன்று லட்சம் டாலர் கட்டினார்கள். நூறு வருஷத்துப் பெயர் கழுவாத மூலையில் போனது.

ஆகவே இறக்கியதும் சட்டியை ஐஸ் தண்ணீரில் வைத்து வேகமாக ஆற்று. 4 டிகிரிக்குக் கொண்டுவந்து ராத்திரி முழுக்க மூடிவை. அந்த ஓய்வில் கொழுப்பு இறுகும், கலவை கெட்டிப்படும், மறுநாள் கடைகிறபோது காற்றை நன்றாகப் பிடிக்கும். சூடாக ருசி பார்க்கும்போது இனிப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பயப்படாதே. சில்லிட்ட நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். ஸ்கூப் கரண்டியை முக்கிவைக்கிற தண்ணீரை அடிக்கடி மாற்று. வாடிக்கையாளர் பார்க்கும்போது மட்டும் மாற்றுகிற ஆட்களை உடனே வீட்டுக்கு அனுப்பு.

3. உறைவது சீக்கிரம் உறையட்டும்

மெதுவாக உறைந்தால் ஐஸ் பெரிது பெரிதாக வளரும். வேகமாக உறைந்தால் பொடியாக நிற்கும். அந்தக் காலத்து மரப்பீப்பாயில் ஐஸும் கல்லுப்பும் போட்டுக் கையால் சுற்றியவர்களுக்கு இது தெரியும். ஐஸோடு உப்புச் சேர்ந்தால் குளிர் மைனஸ் 21 டிகிரி வரைக்கும் இறங்கும். இப்போதைய மெஷினிலும் கதை அதுதான். மைனஸ் 5, 6 டிகிரியில் குழைவாக எடுத்து, உடனே மைனஸ் 25-க்குக் கீழே இறுகவிட்டு, பிறகு மைனஸ் 18-இல் வைக்க வேண்டும். கடையில் பரிமாற மைனஸ் 12 முதல் 14 வரை போதும். அதற்குக் கீழே போனால் கரண்டியும் இறங்காது, ருசியும் தெரியாது.

ஒருதரம் இளகி மறுபடி உறைந்த சரக்கைப் பார்த்தாலே தெரியும். மேலே பனி படர்ந்திருக்கும், உள்ளே நறநறவென்று ஐஸ். அதைக் கொட்டிவிடு. மில்க்‌ஷேக்கில் போட்டுத் தள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே.

4. ஒரு லிட்டரை எடை போடு

கலவை ஒரு லிட்டர் ஒரு கிலோவுக்குமேல் இருக்கும். கடையும்போது உள்ளே காற்று போகிறது. சமபங்கு காற்றை ஏற்றினால் ஒரு லிட்டர் கலவை இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் ஆகிவிடும். லிட்டருக்கு 525 கிராமுக்குக் குறையக்கூடாது என்பதுதான் சட்டம் போட்ட எல்லை. பெரிய கம்பெனிகள் பலவும் அந்த எல்லையை ஒட்டியே நடக்கின்றன. கையால் செய்கிறவன் லிட்டருக்கு 850 கிராம் பக்கம் நிற்க வேண்டும். காற்றே இல்லாமல் செய்கிறேன் என்று வீம்பு பிடிக்காதே. கல்லு மாதிரி ஆகிவிடும், குழந்தைகள் திட்டும்.

விலை கேட்டு முகம் சுளிக்கிறவரிடம் தர்க்கம் பண்ண வேண்டாம். உன் கப்பையும் கம்பெனிக் கப்பையும் தராசில் வைத்துக் காட்டு. பால்கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் செய்வதற்கு ஃப்ரோசன் டெசர்ட் என்று வேறு பெயர். டப்பாவில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அதை விற்பது குற்றம் ஒன்றும் இல்லை. நீ மட்டும் அந்தப் பக்கம் சாயாதே.

5. ரகம் குறைவாக இருக்கட்டும்

பலகையில் நாற்பது பெயர் எழுதினால், முப்பது எசென்ஸ் பாட்டிலிலிருந்துதான் வரும். பழத்தில் செய்தால் பருவம் பார்த்துச் செய். பழத்துக்குப் பழம் பக்குவம் வேறு. மாம்பழக் கூழில் தண்ணீர் அதிகம், சர்க்கரையோடு கொஞ்சம் சுண்டவை. அன்னாசியைப் பச்சையாகப் பாலில் போட்டால் பால் திரியும், கசக்கும், வேகவைத்துப் போடு. சீதாப்பழம் நேர்மாறு. அதன் சதையைச் சூடு காட்டினாலே கசந்துவிடும். கொட்டை நீக்கி, குளிரவைத்து, கடைசியில்தான் கலக்க வேண்டும். கொட்டை எடுப்பது பொறுமையைச் சோதிக்கிற வேலை, அந்தக் கூலியையும் விலையில் சேர்.

மும்பை ஜுஹுவில் 1984-இல் நேச்சுரல்ஸ் கடையைத் தொடங்கிய ரகுநந்தன் காமத், கர்நாடகத்து முல்கி ஊர்ப் பழவியாபாரியின் மகன். ஆரம்பத்தில் பாவ் பாஜியும் சேர்த்து விற்றுத்தான் கடையை ஓட்டினார். பிறகு பாவ் பாஜியை விட்டார், பழத்தை விடவில்லை. நல்ல பழம் எது என்று அப்பாவிடம் கற்ற கண்ணுக்கு எந்த மெஷினும் ஈடில்லை என்பது என் கட்சி.

6. ஐப்பசி கார்த்திகையை இப்போதே எண்ணு

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் கல்லாப்பெட்டி நிறையும். அந்தப் பணத்தைப் பார்த்து வண்டி வாங்காதே. வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டால் கடைக்கு ஈதான் வரும். வாடகையும் கரண்டு பில்லும் சம்பளமும் அப்போதும் வரும். சூடான பாதாம்பால் ஒரு அடுப்பில் போட்டுவை, பால் வாடிக்கை அறுந்துபோகாமல் இருக்கும். பால்காரரிடம் கோடையில் மட்டும் உறவு வைத்துக்கொண்டால் அடுத்த கோடையில் அவர் உனக்குத் தண்ணீர்ப்பால்தான் ஊற்றுவார். மழையில் கரண்டும் போகும், ஜெனரேட்டர் வாங்குவதைத் தள்ளிப்போடாதே.

7. வரி

ஐஸ்கிரீம் செய்கிறவருக்கு ஜி.எஸ்.டி.யின் காம்போசிஷன் வசதி கிடையாது. சின்ன வியாபாரிகளுக்கான அந்தச் சலுகையிலிருந்து நம்மைப் பான் மசாலா, புகையிலைக்காரர்களோடு சேர்த்து வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். என்ன பாவம் செய்தோமோ! 18 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பரில் 5 ஆனது, அது ஒரு ஆறுதல். முதல் நாளிலிருந்தே கணக்குப்பிள்ளை ஒருவரை வை.

8. பெயரும் பங்கும் காகிதத்தில் இருக்கட்டும்

மதுரையில் ஜிகர்தண்டா பலகைகளைப் படித்துக்கொண்டே ஒரு தெரு நடந்து பார். ஒரே பெயர் வெவ்வேறு எழுத்தில், முன்னால் ஒரு 'ஒரிஜினல்' சேர்த்து, பின்னால் ஒரு ஊர்ப்பெயர் சேர்த்து எத்தனை கடையில் தொங்குகிறது! கடை ஓட ஆரம்பித்த பிறகு பெயருக்குச் சண்டை போடுவதைவிட, திறக்கும் முன்பே டிரேட்மார்க்கில் 30-ஆம் வகுப்பின் கீழ் பதிந்துவிடுவது சுலபம். யார் பெயரில் பதிவது என்பதில்தான் குடும்பத்துக்குள் மௌனம் வரும். அந்த மௌனத்தை அப்போதே உடைத்துப் பேசிவிடுங்கள். அண்ணனும் தம்பியும் பிரியும்போது சட்டி ஒருவருக்கும் பெயர் ஒருவருக்குமாகப் போனால், இரண்டு பேரும் கெடுவார்கள்.

இன்னொன்று. ஏலக்காய் பொடித்து, பழம் உரித்து, பாதாம் பிசினை ராத்திரியே ஊறப்போட்டு, வடிகட்டித் துணியை வெந்நீரில் அலசுகிற வீட்டுப் பெண்களுக்கு மாதச் சம்பளம் என்று எழுதிக் கொடு. வீட்டு வேலை என்ற பெயரில் அது கணக்கில் வராமல் போனால், உன் ஐஸ்கிரீமின் அடக்கவிலை உனக்கே தெரியாது. மருமகள் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் லாபம் காணாமல்போன கடைகள் உண்டு; லாபம் என்று அவர்கள் நினைத்தது அந்தப் பெண்ணின் கூலி.

9. கிளை

பாரிஸில் சேன் நதிக்கு நடுவே சேன் லூயி என்றொரு தீவு. அங்கே ரேமோன் பெர்த்திய்யோன் 1954-இல் ஐஸ்கிரீம் செய்ய ஆரம்பித்தார், மாமியார் வைத்திருந்த காப்பிக்கடையில். அவர் வாரிசுகள் இன்றைக்கும் அதே தீவில் செய்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஊரே ஐஸ்கிரீம் தேடுகிற கோடையில் கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு லீவில் போய்விடுவார்கள். அக்கம்பக்கத்துக் காப்பிக்கடைகள் அவர்கள் சரக்கை வாங்கி வைத்து விற்கும். நம் ஊரில் அப்படி மூடினால் வீட்டுக்காரர் சாவியை வாங்கிக்கொள்வார், அது வேறு. கவனிக்க வேண்டியது, கிளை போடாமலே சரக்கு நாலு இடத்தில் விற்கிறது என்பதை.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில் 1970-இல் 13,000 ரூபாய் முதலோடு குச்சி ஐஸ் செய்யத் தொடங்கிய ஆர்.ஜி. சந்திரமோகன், பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத சின்ன ஊர்களைத் தேடிப் போய் அருண் ஐஸ்கிரீமை வளர்த்தார். அதுதான் இன்றைய ஹட்சன். அந்த வழியை நான் குறைவாகச் சொல்லவில்லை. அது வண்டியும் குளிர்கிடங்கும் ஆயிரமாயிரம் பால்காரர்களும் சேர்ந்த தொழில். வீட்டுச் சட்டியில் செய்துகொண்டு அந்த ஆசையையும் வைத்துக்கொள்வது மட்டும் ஆகாது. எதைச் செய்யப் போகிறாய் என்று முதலிலேயே முடிவு பண்ணு.

சட்டியோடுதான் இருக்கப்போகிறேன் என்றால், சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்கிற கணக்கு. ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் அடிப்பிடிக்காமல் சுண்ட முடியுமோ, அதை இரண்டு நாளில் விற்கிற அளவுக்குக் கடை போதும். இரண்டாவது கடை கேட்டால் முதலில் இரண்டாவது அடுப்பை வை. பால் வாசத்தை வைத்தே இறக்க வேண்டிய நேரம் சொல்கிற இன்னொரு ஆளைத் தயார் பண்ணு. அந்த ஆள் உன் மகனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மகனுக்கு அடுப்படி பிடிக்கவில்லை என்றால் கல்லாவில் உட்காரட்டும், மகள் கிண்டட்டும். ஆள் கிடைக்கும்வரை, கேட்டு வருகிற ஹோட்டல்காரருக்குப் பத்து லிட்டர் டப்பா ஒன்றைக் காலையில் கொடுத்து, மறுநாள் காலி டப்பாவையும் காசையும் வாங்கிக்கொள்.