தூரத்தில் இருக்கும் ரௌட்டரை அப்கிரேட் செய்யலாமா?

பிராட்பேண்ட் இணைப்பு வாங்கியபோது ஆண்டெனா வைத்த ஒரு சிறிய பெட்டியைப் பொருத்திவிட்டுப் போயிருப்பார்கள். அதுதான் ரௌட்டர். அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் பிளாஷ் மெமரி, விண்டோஸுக்குப் பதில் பெர்ம்வேர் என்னும் மென்பொருள், அவ்வளவுதான் வித்தியாசம். பெர்ம்வேரில் பிழை கண்டறியப்பட்டால் தயாரிப்பாளர் புதிய பதிப்பை வெளியிடுவார். அதனை ஏற்றுவதே அப்கிரேட்.

ரௌட்டர் உங்கள் மேசையில் இருந்தால் இது எளிது. தூரத்தில் இருந்தால்? எந்தச் சாலையில் போகிறோமோ அந்தச் சாலையையே தோண்டுகிறோம் என்பதை நினைவில் வையுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இதை மறந்தேன். காட்டுப்பள்ளி துறைமுகம் அருகே ஒரு சரக்கு நிறுவனத்தின் கிளை அலுவலகம். அங்கிருந்த பழைய சிஸ்கோ ரௌட்டரை கிண்டியில் அமர்ந்தபடியே அப்கிரேட் செய்ய முயன்றேன். டிஎப்டிபி என்ற முறையில் பைலை அனுப்பினேன். இம்முறை பைலை 512 பைட் துண்டுகளாக அனுப்பும். ஒவ்வொரு துண்டுக்கும் "வந்து சேர்ந்தது" என்ற பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும். 30 எம்பி பைல் என்றால் 61,440 துண்டுகள். ஒரு துண்டு போய்ப் பதில் வர 50 மில்லி செகண்ட் ஆனால், மொத்தம் 51 நிமிடம்!

காப்பி தொடங்கும் முன், பிளாஷில் இருப்பதை அழிக்கட்டுமா என்று ரௌட்டர் கேட்டது. படிக்காமல் என்டர் தட்டினேன். பழைய மென்பொருள் போய்விட்டது. பாதி வழியில் இணைப்பும் அறுந்தது.

அப்போதும் ஆபத்தில்லை. ஏனெனில் அந்த ரௌட்டர் மென்பொருளை ராமில் ஏற்றிக்கொண்டு இயங்குவது. பிளாஷ் காலியானாலும், ரீஸ்டார்ட் ஆகாத வரை அது வேலை செய்யும். இணைப்பு திரும்பியதும் மீண்டும் அனுப்பலாம் என்று காத்திருந்தேன். அதற்குள் அங்கே கரண்ட் போனது. யுபிஎஸ் இல்லை. மறுநாள் காலை கன்சோல் கேபிளுடன் மீஞ்சூர் வழியாக, கன்டெய்னர் லாரிகளின் பின்னால் ஊர்ந்து போனேன். ஒரு லேப்டாப்பை ரௌட்டர் பக்கத்திலேயே இணைத்து அனுப்பியபோது அதே பைல் சில நிமிடங்களில் ஏறியது. அதுவரை கிளையில் ஒரு பில்கூடப் போடவில்லை. மேலாளர் என்னிடம் டீ வேண்டுமா என்று மட்டும் கேட்டார்; திட்டியிருக்கலாம்.

இப்போது நான் முதலில் பைலை அங்குள்ள ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடுவேன். எம்டி5 எண் தயாரிப்பாளர் தந்ததுடன் பொருந்துகிறதா என்று பார்ப்பேன். பிளாஷில் இடமிருந்தால் பழைய பைலையும் விட்டுவைத்து, புதியது திறக்காவிட்டால் பழையதைத் திற என்று வரிசைப்படுத்துவேன். சிஸ்கோவில் "ரீலோட் இன் 30" என்று ஒரு கட்டளை உண்டு. 30 நிமிடத்தில் நாம் ரத்து செய்யாவிட்டால் ரௌட்டர் தானே ரீஸ்டார்ட் ஆகி, சேமிக்காத மாற்றங்களைக் கைவிட்டுவிடும். இது தவறான செட்டிங்ஸிலிருந்து காப்பாற்றும். கெட்டுப்போன மென்பொருளிலிருந்து காப்பாற்றாது. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஊரில் உள்ள பெற்றோர் வீட்டு ரௌட்டரை நீங்கள் அப்கிரேட் செய்ய வேண்டியிருக்கலாம். அங்குள்ள கம்ப்யூட்டரை லேன் கேபிளால் ரௌட்டருடன் இணைக்கச் சொல்லுங்கள். எனிடெஸ்க் போன்ற புரோகிராம் வழியே அந்தக் கம்ப்யூட்டருக்குள் சென்று, பைலை அங்கேயே டவுன்லோட் செய்திடுங்கள். ரௌட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் மாடலை மட்டுமல்ல, வி1, வி2 என்ற வெர்ஷனையும் படிக்கச் சொல்லுங்கள். வெர்ஷன் மாறினால் பைலும் மாறும். பிறகு பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என டைப் செய்து, முதலில் செட்டிங்ஸை பேக்கப் எடுத்துவிட்டு அப்கிரேட் கொடுங்கள். சில நிமிடங்கள் உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும். அப்போது அப்பா சுவிட்சை அணைத்துவிடாமல் இருக்க, மொபைலில் பேசிக்கொண்டே இருங்கள். இணைய நிறுவனம் தந்த ரௌட்டர் என்றால் பெரும்பாலும் அவர்களே தொலைவிலிருந்து அப்கிரேட் செய்துவிடுவார்கள்; நீங்கள் தொட வேண்டாம்.

முடிந்ததும் ரௌட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடம்களை ஒரு மால்வேர் முடக்கியபோது, ஆரம்பத்தில் தந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்தவைதான் சிக்கின. அப்படியே ரிமோட் மேனேஜ்மென்ட் என்ற வசதி ஆனில் இருந்தால் ஆப் செய்திடுங்கள்.